கடலுக்கு யார் ஆடிட்டர்?

பேரிகை என்றால் முரசு என்று அர்த்தம். பெயர்தான் அப்படி, ஊர் ரொம்ப அமைதி. ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வந்தால் ரோஜா வளர்க்கும் பாலிதீன் குடில்கள், முட்டைக்கோஸ் தோட்டங்கள், ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடகம். கடைத்தெருவில் ஒரே ஆள் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போவார். கடல் மட்டும் கிடையாது. எந்தத் திசையில் கிளம்பினாலும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இங்கே உட்கார்ந்துகொண்டு இவன் கடலைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். எழுத வைத்தது பக்கத்து வீட்டுப் பெண்.

விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறாள். மேற்படிப்புக்குக் கடல் உயிரியல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏதோ ஒரு தீவில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போடப் போகிறாள். அவளுடைய அப்பாவுக்குத் தோட்டமும் கொஞ்சம் கடனும் உண்டு. பி.காம். படித்த பாவத்துக்கு எங்கள் தெருவில் லோன் பேப்பர், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் என்னிடம்தான் வரும். அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. "அண்ணா, இவ்ளோ பணம் கட்டறமே, நல்ல எடமான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

பார்த்தேன். பெயர் வேண்டாம். ஊரெல்லாம் ஒரே மாதிரிதான் அச்சடிக்கிறார்கள். 'நீடித்த வளர்ச்சியும் கடல் பல்லுயிரும்' என்று தலைப்பு. அட்டையில் ஆமை. உள்ளே டீ-ஷர்ட் போட்ட மாணவர்கள் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். எத்தனை மூட்டை என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை அலையாத்திக் கன்று நட்டார்கள், எத்தனை கருத்தரங்கு நடந்தது, எத்தனை கட்டுரை வெளியானது என்பதும் இருக்கிறது. கூரை மேல் சோலார், கேன்டீனில் பேப்பர் கப். வழவழப்பான தாளில், பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது.

"எப்படி இருக்கு அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எல்லாம் சரி. ஓப்பனிங் ஸ்டாக் எங்கே?" என்றேன்.

"ஆமைக்கெல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டரா அங்கிள்?"

அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு மளிகைக் கடைக்காரர் உங்களிடம், "இந்த வருஷம் ஐந்து லட்சத்துக்குச் சரக்கு வாங்கினேன்" என்று மட்டும் சொன்னால் கடை லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்தில் ஓடுகிறதா என்று சொல்ல முடியுமா? முடியாது. வருஷ ஆரம்பத்தில் கடையில் என்ன இருந்தது, கடைசியில் என்ன மிஞ்சியது, நடுவில் எலி தின்றது எவ்வளவு, எல்லாம் தெரிய வேண்டும். பதினோராம் வகுப்பு வணிகவியல் பையனுக்குத் தெரிந்த விஷயம் இது. ஆனால் கடல் காக்கும் அறிக்கைகளில் பெரும்பாலும் வாங்கின கணக்கு மட்டும்தான் இருக்கிறது. நட்டோம், போட்டோம், நடத்தினோம். நட்டதில் பிழைத்தது எவ்வளவு, அந்தக் கரையில் இருபது வருஷத்துக்கு முன்னால் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதைத் தேடினால் கிடைப்பதில்லை.

2019-லிருந்து டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற லண்டன் பத்திரிகை, ஐ.நா. சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளை வைத்துப் பல்கலைக்கழகங்களுக்கு ரேங்க் போடுகிறது. அதில் பதினான்காவது இலக்கு நீருக்கடியில் உள்ள உயிர்கள். கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே மதிப்பெண் ஆய்வுக் கட்டுரைகளுக்கு. மற்றதெல்லாம் நிகழ்ச்சி, கொள்கை, கழிவுநீர் விதி இப்படி. அதற்கான ஆதாரங்களைச் சேர்த்து அனுப்புவதும் அந்தந்தப் பல்கலைக்கழகமே. பரீட்சை எழுதினவரே விடைத்தாளைக் கட்டி அனுப்புகிற முறை. கடல் போய் ஆட்சேபம் தெரிவிக்க முடியாது.

ஓப்பனிங் ஸ்டாக் எடுப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊரிலேயே எடுத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு தீவில்.

பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது ரயிலில் எல்லாரும் பாலத்தைப் பார்ப்பார்கள். தெற்கே கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தீவு, பெயர் குருசடை. சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880-களிலேயே ராமேஸ்வரம் பக்கம் வந்து கடல் உயிரினங்களைச் சேகரித்து, 1887-ல் அறிக்கை போட்டார். பிறகு அதே பதவிக்கு வந்த கிரேவ்லியும் அவருடைய சகாக்களும் குருசடையின் கரையோர உயிர்களை வகை வகையாகப் பட்டியல் போட்டு, மியூசியத்தின் புல்லட்டினாக 1927-ல் வெளியிட்டார்கள். கடற்பஞ்சு, பவளம், நண்டு, நட்சத்திர மீன், புழு என்று ஒன்றையும் விடவில்லை. ஸ்கூல் பயாலஜியில் பலனோகிளாஸஸ் என்று ஒரு புழுவைப் படித்திருப்பீர்களே, முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் என்று வாத்தியார் சொன்னது, அதற்குப் பேர் போன இடம் இந்தத் தீவுதான். அந்த வெள்ளைக்காரர்களுக்கு ரேங்க் கிடையாது, டீ-ஷர்ட் கிடையாது. அட்டையில் ஆமையும் கிடையாது. கையில் உள்ளதை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இன்றைக்குக் குருசடையில் எது காணோம் என்று யாராவது கேட்டால், பதில் தேடிப் போக வேண்டிய பேரேடு அதுதான்.

அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்?

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-ல் அவற்றை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-ல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். எந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்தாலும், எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கு மலரைப் பிரித்தாலும் முதல் பாராவில் இரண்டு எண்கள் இருக்கும். 21 தீவுகள், 3,600 உயிரினங்கள்.

முதலில் 21-ஐப் பாருங்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் அந்தப் பட்டியலில் உண்டு. இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. பல வருஷம் பவளப்பாறையை வெட்டி, வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் கொண்டுபோனதில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் கரைந்து போனவை. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-ல். வெட்டுவது அநேகமாக நின்றது சுனாமிக்குப் பிறகு. அதற்குள் இரண்டு தீவு காலி. ஆனால் பிரசுரத்தில் இன்னும் 21-தான். ஒரு கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் 21 லாரி என்று எழுதியிருந்து, ஷெட்டில் போய் எண்ணிப் பார்த்தால் 19 நின்றால் ஆடிட்டர் என்ன செய்வார் என்று ஓசூர் சிப்காட்டில் எந்த அக்கவுன்டன்டையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது 3,600. இது பிற்பாடு 4,223 ஆனது. உயிரினம் பெருகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். இதுவரை யாராவது எப்போதாவது பார்த்துப் பதிவு செய்த இனங்களின் மொத்தப் பட்டியல் இது. நிபுணர்கள் தேடத் தேடப் பட்டியல் நீளும். 1927-ல் பார்த்து, அதன் பிறகு கண்ணில் படாத புழுவும் இதில் இருக்கலாம். இந்த எண் ஏறுமே தவிர இறங்கவே இறங்காது. இறங்கவே முடியாத எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? ஆனால் மேடைக்கு மேடை அதைத்தான் சொல்கிறோம்.

இறங்குகிற எண் ஒன்று இருக்கிறது. உயிருள்ள பவளம் கடலடியில் எத்தனை சதவிகிதம் மூடியிருக்கிறது என்பது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒன்று உண்டு. அவர்கள் வருஷா வருஷம் முக்குளித்து இதை அளக்கிறார்கள். 2016-ல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, சுமார் 39 சதவிகிதமாக இருந்தது 23 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது என்று அவர்கள் கணக்கு சொன்னது. ஒரே கோடையில் பத்தில் நான்கு பங்கு நஷ்டம். பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதைப் பத்திரிகைக்காரனாகிய நான் சொல்லக் கூடாது.

அதே நிறுவனம் வான் தீவிலும் வேலை செய்தது. ஒரு காலத்தில் 16 ஹெக்டேராக இருந்த தீவு, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. மூழ்கப் போகிற நிலையில், அதைச் சுற்றி கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் தங்கியது, மீன் வந்தது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை எடுத்தோம், இப்போது சிமென்டைக் கொண்டுபோய் அதே இடத்தில் போடுகிறோம். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். போடுவதற்கு முன்னால் தீவு எவ்வளவு, போட்ட பிறகு எவ்வளவு என்று அளந்து சொன்னார்கள். எத்தனை கல் போட்டோம் என்பதோடு நிறுத்தவில்லை.

இப்போது கொஞ்சம் கசப்பான கதை. மண்டபத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. அதில் ஒன்று உப்பு மற்றும் கடல் ரசாயன ஆய்வு நிறுவனத்துடையது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடற்பாசி ஒன்றை அவர்கள் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். காப்பாபைகஸ் என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் காரஜீனன் ஐஸ்கிரீமிலிருந்து டூத்பேஸ்ட் வரை கெட்டிப்படுத்தப் பயன்படும். 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி வந்து மீனவக் குடும்பங்களோடு ஒப்பந்தம் போட்டு வியாபாரமாக வளர்த்தது. மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை. பெண்கள் கையில் காசு புரண்டது. அந்தக் காசைக் கேவலமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. கரையில் அந்தச் செடிக்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர் வந்துவிட்டது. 2008-ல் கம்பெனி அந்தத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போன பிறகும் பெயர் போகவில்லை.

வெளிநாட்டுச் செடி பவளத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருந்ததால், பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம் என்று 2005-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. செடி அரசாணையைப் படிக்கவில்லை. 2008-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. குருசடைத் தீவில், அதே பழைய குருசடையில், பவளத்தின் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடியிருக்கிறது என்று படத்தோடு சொன்னார்கள். பாய் போட்டது மாதிரி மூடிவிட்டால் பவளத்துக்கு வெளிச்சம் கிடையாது, அடியில் அது செத்துப்போகும்.

எழுதியது யார் தெரியுமா? மதுரை தியாகராசர் கல்லூரிக்காரர்கள். மண்டபத்துக் கரையிலேயே ஆபீஸ் வைத்திருந்த பெரிய நிறுவனம் இல்லை, கடலே இல்லாத மதுரையிலிருந்து போனவர்கள். இதை மறுத்தவர்களும் உண்டு. இந்தப் பாசி இங்கே தானாகப் பரவாது, பயப்பட வேண்டாம் என்றார்கள். பிறகு சிங்கிலித் தீவிலும் பரவியது பதிவானது. வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

இதில் என் புகார் ஒன்றுதான். கொண்டுவந்தபோது வந்த கட்டுரைகள், பயிற்சி முகாம்கள், பயனாளிகள் எண்ணிக்கை எல்லாம் வரவுப் பக்கத்தில் ஏறியது. பிய்த்து எடுத்த செலவும் போன பவளமும் யாருடைய பற்றுப் பக்கத்தில் ஏறியது? ஏறவே இல்லை. 2023-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, நடக்கட்டும். பழைய கணக்கை முடித்துவிட்டுப் புதுக் கணக்கு ஆரம்பித்தார்களா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

கணக்கில் விட்டுப்போனவர்கள் இன்னும் சிலர் உண்டு. அந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை எடுப்பவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் கீக்சிஜன் எதுவும் இல்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போனால் துரத்தல், படகு பறிமுதல். பாதுகாப்பு என்றால் முதலில் அப்புறப்படுத்த வேண்டியது சேலை கட்டியவர்களைத்தான் என்று நம் அதிகாரிகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், இரும்புக் கருவி வைத்துச் சுரண்ட மாட்டோம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலம் கிராமத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது இதற்காகத்தான். எந்தப் பாறையில் போன வருஷம் எவ்வளவு பாசி இருந்தது, இந்த வருஷம் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். சரக்கு குறைந்தால் அன்றைய கூலி குறையும், எப்படி மறப்பார்கள்? ஓப்பனிங் ஸ்டாக், குளோசிங் ஸ்டாக் இரண்டும் தெரிந்த ஆட்கள் கரையிலேயே இருக்கிறார்கள். கருத்தரங்குகளில் அவர்களைப் 'பயனாளிகள்' வரிசையில் உட்கார வைக்கிறோம். முன் வரிசை எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு.

கணக்கு எழுதும் கலையில் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிரேட் நிக்கோபார் போக வேண்டும். துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஒரு பெரிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். லெதர்பேக் ஆமை முட்டையிட வரும் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம். அங்கே இருந்த சரணாலய அந்தஸ்தை 2021 ஜனவரியிலேயே எடுத்தாகிவிட்டது. பவளத்துக்கு என்ன வழி? எண்ணிவிட்டார்கள். 20,668 பவளக் கூட்டங்கள். அதில் 16,150-ஐப் பெயர்த்து வேறு இடத்தில் வைப்பார்களாம். வெட்டும் காட்டுக்கு ஈடாக மரம் நடுவதற்கு முதலில் சொன்ன இடம் அரியானா. நான் தமாஷ் செய்யவில்லை. ஐந்தொகை இரண்டு பக்கமும் கச்சிதமாக டேலி ஆகும். இடிக்கப்போகிற வீட்டிலிருந்து பீரோவை எடுத்துப் பக்கத்துத் தெருவில் வைப்பது மாதிரி பவளத்தை வைக்க முடியுமா, வைத்தால் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது டேலியில் தெரியாது.

சரி, இத்தனையும் பேரிகையில் உட்கார்ந்துகொண்டு எதற்கு?

நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெங்களூருக்குப் பக்கமாக வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுழைகிறது. பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரித் தண்ணீரும் அதில்தான் சேர்கிறது. மழைக் காலத்தில் கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் நுரை. ஆள் உயரத்துக்குப் பஞ்சுப் பொதி மாதிரி எழும்பி ரோட்டுக்கு வந்து உட்காரும். டிவிக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். பிறகு நுரை அமுங்கிவிடும், நாமும் அமுங்கிவிடுவோம். அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. கோலார் பக்கத்திலிருந்து வரும் மார்க்கண்டேய நதியைச் சேர்த்துக்கொண்டு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை தாண்டி, கடலூருக்குப் பக்கத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கடல் உயிரியல் நிலையம் அங்கேதான் இருக்கிறது. நம் வாஷிங் மெஷின் நுரையும், தோட்டத்தில் அடிக்கும் மருந்தும், கம்பெனிக் கழிவும் போய்ச் சேரும் கடலை அங்கே சில பேர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடல் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அந்தத் தூரம் ரோட்டில் போகிறவர்களுக்குத்தான்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அப்பா காபி கொண்டு வந்தார், நடுவில் கரன்ட் போனது, இரண்டு நாள் ஆனது. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, பணம் கட்டலாமா வேணாமா?"

"கட்டுங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க. அந்தக் கரையில பத்து வருஷத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, இப்ப என்ன இருக்குன்னு கேட்கட்டும். என்ன பதில் வருதுன்னு பாக்கலாம்" என்றேன்.

அவள் மெயில் போட்டாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நேற்று சாயங்காலம் மறுபடி வந்தாள். அப்ளிகேஷனில் ஒரு கேள்வியாம், உங்கள் வட்டாரத்தில் கடலைப் பாதிக்கும் பிரச்னை ஒன்றைப் பற்றி ஐந்நூறு வார்த்தையில் எழுதுக என்று.

"கெலவரப்பள்ளி நுரைய எழுதட்டுமா அங்கிள்? கடலே இல்லாத ஊர்க்காரின்னு சிரிக்க மாட்டாங்களே?"

எழுது என்றேன். முதலில் போய், அணையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தேதி போட்டு லேபிள் ஒட்டி வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டியில் போகிறார்கள்.